பழைய மரை லென்ஸை வேறு ஃபிலிம் கேமராவில் மாட்டுவது எப்படி?

என் மாமாவின் ஸெனித்-இ கேமராவில் ஷட்டர் திரை கிழிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. ஆனால் முன்னால் இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது, ஃபோகஸ் வளையம் வெண்ணெயாகத் திரும்பியது. இன்று அந்த லென்ஸ் என் பென்டாக்ஸ் கே1000 கேமராவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறிய உலோக வளையம் மட்டும்தான்.

கேமரா போய்விட்டதே என்று நல்ல லென்ஸை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை கடினமில்லை. ஆனால் வளையம் வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். மரை, அதாவது லென்ஸைத் திருகி மாட்டும் புரி, பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பொருந்த வேண்டியது மரை மட்டுமில்லை, தூரமும்தான்.

முதலில் மரையை அளந்து பாருங்கள்

பழைய மரை லென்ஸ்களில் அதிகம் கிடைப்பது எம்42. குறுக்களவு 42 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மி.மீ. 1949-இல் டிரெஸ்டன் நகரில் செய்த கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா கேமராக்களோடு இது பரவியது. 1957-இல் பென்டாக்ஸும் இதே மரையை எடுத்துக்கொண்டது. ஸெனித், யாஷிகா, ஃபுஜிகா, மாமியா, சினான், ரிக்கோ என்று பலரும் இதில் கேமரா செய்தார்கள். யாருடைய லென்ஸும் யாருடைய கேமராவிலும் ஏறும் என்ற நிலை அன்று இருந்தது. அதனால்தான் இத்தனை லென்ஸ்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

லென்ஸின் பின்பக்க மரையை வெர்னியரில் பிடியுங்கள். 42-ஐ ஒட்டி வந்தால் உடனே எம்42 என்று முடிவுகட்டாதீர்கள். டி-மவுன்ட் என்று ஒன்று உண்டு (மவுன்ட் என்றால் லென்ஸ் மாட்டும் முறை). பழைய நீள டெலி லென்ஸ்களிலும் தொலைநோக்கி இணைப்புகளிலும் வரும். அதுவும் 42 மி.மீ.தான், ஆனால் மரை இடைவெளி 0.75 மி.மீ. எம்42 வளையத்தில் வைத்துத் திருகினால் முதல் சுற்றுப் பிடிக்கும், அப்புறம் இறுகும். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகலாம் என்று கை போகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மரை தேய்ந்துவிடும். ஸ்கேலை மரையின் மீது வைத்து எண்ணினால் சந்தேகம் தீரும்: 3 மி.மீ.க்குள் மூன்று மேடு என்றால் எம்42, நான்கு என்றால் டி-மவுன்ட்.

வெர்னியர் 39 காட்டினால் இன்னும் கவனம் தேவை. 39 மி.மீ. மரையில் மூன்று சாதிகள் உண்டு. ஒன்று லைக்கா மரை. ஸோர்கி, ஃபெட் கேமராக்களின் லென்ஸ்களும் இதில் சேரும். இரண்டாவது, ஸெனித் எம்42-க்கு மாறும் முன் செய்த எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) லென்ஸ்கள். மூன்றாவது, இருட்டறையில் படம் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ்கள். இன்டஸ்டார்-50 என்ற ஒரே பெயரில் முதல் வகையும் உண்டு, இரண்டாம் வகையும் உண்டு. பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபோகஸ் திருப்பும்போது உள்ளே ஒரு வளையம் முன்னும் பின்னும் நகர்ந்தால், அது ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது கேமராவில் தூரம் அளக்கும் அமைப்பை, தள்ளுவதற்கான வளையம். அப்படியானால் லைக்கா மரை.

தூரக் கணக்கு

கேமராவில் லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் வரை ஒரு தூரம் இருக்கிறது. இதை ஃப்ளாஞ்ச் தூரம் என்பார்கள். ஒவ்வொரு கேமரா இனத்துக்கும் இது வேறு. லென்ஸைச் செய்தவர் இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் முடிவிலிக் குறியை (மிகத் தொலைவுக்கான ∞ குறி) ஃபோகஸ் வளையத்தில் பொறித்திருக்கிறார்.

எம்42-இன் தூரம் 45.46 மி.மீ. உங்கள் கேமராவின் தூரம் இதைவிடக் குறைவு என்றால், மிச்சமுள்ள இடத்தை வளையம் நிரப்பிவிடும். சமம் என்றால், வளையம் கேமராவின் வாய்க்குள்ளேயே ஒளிந்து உட்கார வேண்டும். அதிகம் என்றால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளிப் போய்விடும், தொலைவில் உள்ளது எதுவும் கூர்மையாக வராது.

கேனான் ஈஓஎஸ்: 44.0 மி.மீ. 1.46 மி.மீ. தடிமனுள்ள வளையம் போதும்.

மினோல்டாவின் பழைய எஸ்ஆர், எம்டி மவுன்ட்: 43.5. தாராளமாகப் போதும். கேனான் எஃப்டி 42.0, அங்கும் பிரச்சினை இல்லை.

பென்டாக்ஸ் கே: 45.46. அதே தூரம். 1975-இல் மரையை விட்டு, செருகித் திருப்பிப் பூட்டும் பயனட்டுக்கு மாறியபோது, பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்று பென்டாக்ஸ் இந்தத் தூரத்தை மாற்றாமல் வைத்தது. அந்த முடிவின் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

ஒலிம்பஸ் ஓஎம்: 46.0. நிக்கான் எஃப்: 46.5. இவை இரண்டிலும்தான் சிக்கல்.

நிக்கானில் வித்தியாசம் 1.04 மி.மீ.தானே, அது என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். குவியத் தூரத்தை (லென்ஸில் 58 மி.மீ. என்பதுபோலப் பொறித்திருக்கும் எண்) அதே எண்ணால் பெருக்கி, கூடுதல் தூரத்தால் வகுத்தால், லென்ஸ் எட்டக்கூடிய கடைசித் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். 58 மி.மீ. ஹீலியோஸுக்கு 3364-ஐ 1.04-ஆல் வகுத்தால் மூன்றேகால் மீட்டர். முடிவிலிக் குறியில் வைத்தாலும் அதற்கப்பால் உள்ளது எல்லாம் மங்கல்தான். 28 மி.மீ. லென்ஸ் என்றால் முக்கால் மீட்டரோடு நின்றுவிடும். 135 மி.மீ. மட்டும் பதினேழரை மீட்டர் வரை எட்டும், அதனால் முகப் படங்களுக்கு ஆகும். நடுவில் சிறு கண்ணாடி வைத்த நிக்கான் வளையங்களும் விற்கிறார்கள். முடிவிலி கிடைக்கும், ஆனால் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்திருக்கும்போது படத்தின் கூர்மையும் மாறுபாடும் குறையும். நல்ல லென்ஸின் பின்னால் மலிவான கண்ணாடி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிக்கான் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பழைய கே மவுன்ட் பாடி ஒன்றைத் தேடுவதே நல்லது.

வளையம் வாங்கும்போது

பென்டாக்ஸ் கே மவுன்ட்டுக்கு இரண்டு விதமான வளையங்கள் விற்கின்றன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று கேமராவின் வாய்க்குள் முழுதாக இறங்கி, முகத்தோடு மட்டமாக நிற்கும். மற்றதற்கு வெளியே ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவு தூரம் லென்ஸ் முன்னால் தள்ளிப்போகும்.

நான் முதலில் வாங்கியது விளிம்புள்ளது. விற்றவர் எல்லாத் தூரத்துக்கும் சரியாக வரும் என்று சொன்னார். நம்பி ஒரு முழு ரோலை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போனேன். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால் 36 படத்தில் பக்கத்தில் நின்ற முகங்கள் மட்டும் கூர்மை. மலை எல்லாம் பஞ்சு. வளையத்தை வெர்னியரில் வைத்தேன்: விளிம்பு ஒரு மி.மீ. மேலே சொன்ன கணக்கு அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதனால் கே மவுன்ட்டுக்கு விளிம்பில்லாத வளையம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பென்டாக்ஸே செய்த அசல் வளையம் கிடைத்தால் விலை கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வளையத்தைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லென்ஸைத் திருகி எடுத்தால் வளையம் கேமராவிலேயே தங்கிவிடும். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் நாக்கு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்த நாக்கை நகத்தாலோ மைதீர்ந்த பேனா முனையாலோ மெதுவாக அழுத்திக்கொண்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள். கை தவறினால் ஒரு அங்குலம் உள்ளே கேமராவின் மிரர் (படத்தை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி) இருக்கிறது.

ஈஓஎஸ் வளையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, லென்ஸோடு சேர்ந்தே வந்துவிடும். சிப் வைத்த வளையமும் உண்டு, ஃபோகஸ் சரியானதும் கேமரா பீப் கொடுக்கும். முதலில் சிப் இல்லாததையே வாங்குங்கள். மலிவு, அதோடு கோளாறு வந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

பின்பக்கத்து ஊசி

1960-களுக்குப் பிந்திய பல எம்42 லென்ஸ்களின் பின்னால் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கேமராவில் ஷட்டரை அழுத்தும்போது ஒரு தகடு வந்து இந்த ஊசியைத் தள்ளும், அபர்ச்சர் இதழ்கள் மூடும். புதுக் கேமராவில் அந்தத் தகடு கிடையாது. ஊசி அழுந்தாவிட்டால் நீங்கள் எஃப்/8 வைத்தாலும் எஃப்/16 வைத்தாலும் (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) லென்ஸ் முழுதாகத் திறந்தேதான் இருக்கும்.

லென்ஸின் பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சிறு பொத்தான் இருந்தால் கவலை வேண்டாம். மேனுவலில் வையுங்கள், அபர்ச்சர் வளையம் திருப்பத் திருப்ப இதழ்கள் மூடும். பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் லென்ஸ்களில் இந்தப் பொத்தான் இருக்கிறது, ஹீலியோஸ் 44எம்-இலும் இருக்கிறது. ஆனால் 44எம்-4 முதல் வந்தவற்றில் எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரி லென்ஸுக்கு, ஊசியை எப்போதும் அழுத்தி வைத்திருக்கும் உள்தட்டு உள்ள வளையம் வேண்டும். ஈஓஎஸ் வளையங்களில் இப்படிப்பட்டது சுலபமாகக் கிடைக்கும். கே மவுன்ட்டின் ஒல்லி வளையத்தில் தட்டுக்கு இடமில்லை, ஆகவே கே பாடிக்கு லென்ஸ் வாங்குகிறவர்கள் பொத்தான் உள்ளதாகவோ ஊசியே இல்லாததாகவோ பார்த்து வாங்குங்கள்.

ஹீலியோஸ் 44-2 ஊசி இல்லாத வகை. அபர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்று கிளிக் கிளிக் என்று நின்று நின்று திரும்பும், மற்றது வழவழவென்று திரும்பும். கிளிக் வளையத்தை எஃப்/8-இல் வைத்தால், வழவழ வளையம் எஃப்/2-க்கும் எஃப்/8-க்கும் நடுவில் மட்டும் ஓடும். திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை எடுக்காமலே முட்டும் வரை திருப்பினால் எஃப்/8. இரண்டு ரோலுக்குள் விரல் பழகிவிடும்.

மாட்டுவதற்கு முன் லென்ஸையும் ஒருமுறை சோதியுங்கள். ஊசியை விரலால் அழுத்தி விட்டால் இதழ்கள் பட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. மொபைல் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளடித்திருந்தால் பயப்படத் தேவையில்லை. சில டக்குமார் லென்ஸ்களில், குறிப்பாகப் பின்னால் வந்த 50 மி.மீ. எஃப்/1.4-இல், தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் அது மஞ்சளாகும். சில நாள் வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயிலில் வைக்கும்போது ஒரு பக்கம் மூடி போட்டு வையுங்கள், திறந்த லென்ஸ் பூதக்கண்ணாடி போலத் தீ வைத்துவிடும்.

பட்டர் பேப்பர் சோதனை

ஃபிலிம் விற்கும் விலைக்கு, முடிவிலி வருகிறதா என்று ரோல் போட்டுப் பார்ப்பது வீண். ஒரு துண்டு பட்டர் பேப்பர் போதும். டிரேசிங் பேப்பர் இருந்தால் இன்னும் நல்லது.

கேமராவில் ஃபிலிம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பின்கதவைத் திறங்கள். படம் விழும் சன்னலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு தண்டவாளங்கள் தெரியும். உள்ளே இருப்பது தாழ்வு, வெளியே இருப்பது சற்று உயரம். ஃபிலிம் உட்காருவது உள் தண்டவாளத்தில். அதனால் பேப்பரைச் சரியாக 35 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். பாழான ஃபிலிம் துண்டு இருந்தால் அதையே அளவாக வைத்து வெட்டலாம். அகலம் கூடினால் பேப்பர் வெளித் தண்டவாளத்தின் மேல் ஏறிக்கொள்ளும், சோதனையே தப்பாகிவிடும். இரு முனையையும் இழுத்துப் பிடித்து டேப் ஒட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. ஷட்டர் திரையில் விரல் படக் கூடாது.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை பி-இல் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் அழுத்திப் பூட்டிவிடுங்கள். அபர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு செல்போன் கோபுரத்தையோ கோயில் கோபுரத்தையோ நோக்கித் திருப்புங்கள். தலையில் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பார்த்தால், பேப்பரில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். முதல்முறை பார்க்கும்போது மனது நிறைந்துவிடும். வேறொரு 50 மி.மீ. லென்ஸைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்து அருகில் பாருங்கள்.

இப்போது ஃபோகஸ் வளையத்தை அருகிலிருந்து முடிவிலி நோக்கி மெதுவாகத் திருப்புங்கள். கோபுரத்தின் கம்பிகள் ஃபோகஸ் வளையம் முட்டி நிற்கும் இடத்தில் கூர்மையானால், நடுவில் மாட்டிய வளையம் கச்சிதம். முட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்பே கூர்மையாகி, அதற்குமேல் மங்கினால் வளையம் கொஞ்சம் மெலிந்தது. அதுவும் சரிதான், படம் எடுக்கத் தடை இல்லை. முட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் போனால் கூர்மையாகும் என்று தோன்றினால் வளையம் தடிமன். திருப்பிக் கொடுங்கள், அல்லது தெரிந்த லேத் பட்டறையில் முகத்தைச் சீவச் சொல்லுங்கள்.

அப்படியே வ்யூஃபைண்டரிலும் பாருங்கள். பேப்பரில் கூர்மையாகவும் வ்யூஃபைண்டரில் மங்கலாகவும் இருந்தால் தப்பு வளையத்தில் இல்லை, கேமராவின் மிரரோ ஃபோகஸ் திரையோ இடம் மாறியிருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

ஈஓஎஸ் வைத்திருப்பவர்கள் இதற்கும் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். சில லென்ஸ்களின் பின்கண்ணாடி, முடிவிலியில் வைக்கும்போது கேமராவுக்குள் நீட்டும். மேலெழும் மிரர் அதில் இடிக்கலாம். அருகில் ஃபோகஸ் வைத்து ஒரு கிளிக், பிறகு மூன்று மீட்டர், பத்து மீட்டர், கடைசியில் முடிவிலி என்று படிப்படியாகப் போங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். மிரர் மாட்டிக்கொண்டால் பதறாமல் ஃபோகஸை அருகிலுள்ள தூரத்துக்குத் திருப்புங்கள். பின்கண்ணாடி முன்னால் நகரும்போது விட்டுவிடும்.

வெளிச்சம் அளப்பது

வளையம் வழியாக லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளாது. எனவே அபர்ச்சரை மூடிய பிறகுதான் மீட்டரைப் பார்க்க வேண்டும். திற, ஃபோகஸ் செய், மூடு, அள, அழுத்து. இதே வரிசை.

கே1000-இல் மூடிய நிலையில் மீட்டர் முள் நடுவில் வரும்படி ஷட்டர் வேகத்தை மாற்றினால் ஆயிற்று. அந்தக் கேமராவின் மீட்டருக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது, ஆகவே வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள், பேட்டரி நாள்பட வரும். ஈஓஎஸ்-இல் ஏவி நிலையில் வையுங்கள். திரையில் 00 என்று காட்டும், அது பிழையில்லை. ஷட்டர் வேகத்தை அதுவே சரியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈஓஎஸ்-இன் திரையில், ஃபோகஸ் சரியா என்று காட்டும் பிளவு வட்டமோ மைக்ரோ பிரிசமோ இல்லாததால், எஃப்/2-இல் கண்ணை மட்டும் நம்பி ஃபோகஸ் செய்வது சிரமம். அதனால்தான் புதியவர்களுக்கு நான் கே1000 அல்லது எம்எக்ஸ் போன்ற கைவேலைக் கேமராவையே சொல்கிறேன்.

அபர்ச்சரை எஃப்/11-க்கு மேல் மூடினால் வ்யூஃபைண்டர் இருட்டாகி மீட்டரைப் படிப்பது கஷ்டமாகும். நல்ல வெயிலில் மீட்டரே தேவையில்லை: எஃப்/16-இல், ஃபிலிமின் வேகம் எவ்வளவோ ஷட்டரும் அவ்வளவு. 125 வேக ஃபிலிமுக்கு நொடியில் 125-இல் ஒரு பங்கு.

லைக்கா மரை வைத்திருப்பவர்களுக்கு

லைக்கா மரையின் தூரம் 28.8 மி.மீ. 1954-இல் வந்த எம் பயனட்டின் தூரம் 27.8. சரியாக ஒரு மி.மீ. குறைத்தே வடிவமைத்தார்கள், அதனால் ஒரு மி.மீ. வளையத்தோடு பழைய லென்ஸ்கள் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு உட்பட அப்படியே வேலை செய்யும். வளையங்கள் 28/90, 35/135, 50/75 என மூன்று வகையில் வரும், வ்யூஃபைண்டரில் உங்கள் லென்ஸுக்கு உரிய சட்டக் கோட்டை (படத்தின் எல்லையைக் காட்டும் கோடு) கொண்டுவருவதை வாங்குங்கள். இந்த லென்ஸ்களை எஸ்.எல்.ஆரில் மாட்ட முயல வேண்டாம், மிக அருகில் உள்ளது தவிர எதுவும் ஃபோகஸ் ஆகாது. 39 மரை ஸெனித் லென்ஸுக்கோ 39-இலிருந்து 42-க்கு மாற்றும் சிறு வளையம் ஒன்று உண்டு, ஆனால் முடிவிலி வருகிறதா என்று பட்டர் பேப்பரில் சோதித்துவிடுங்கள்.

முதல் ரோல்

இத்தனை சோதித்த பிறகு 36 படத்தையும் சோதனைக்கு ஒதுக்க வேண்டாம். ஆறு போதும், நோட்டில் குறித்துக்கொண்டு எடுங்கள். தொலைவிலுள்ள கோபுரம், திறந்த அபர்ச்சரில் ஒன்று, எஃப்/8-இல் ஒன்று. இரண்டு மீட்டரில் ஒரு முகம், அதேபோல இரண்டு. சாய்வாக வைத்த செய்தித்தாள், நடு வரியில் ஃபோகஸ் வைத்து ஒன்று. சூரியன் சட்டத்தின் ஓரத்தில் வரும்படி ஒன்று. ஹீலியோஸ் போன்ற லென்ஸ்கள் எதிர்வெயிலில் வெளிறிவிடும். இந்தக் கடைசிப் படம்தான், 49 மி.மீ. ஹுட் ஒன்று வாங்க வேண்டுமா என்று சொல்லும்.

கழுவி வந்த நெகடிவில் கோபுரம் திறந்த அபர்ச்சரில் மங்கல், எஃப்/8-இல் கூர்மை என்றால் வளையம் இன்னும் கொஞ்சம் தடிமன். இரண்டுமே ஒரே வெளிச்சத்தில் ஒரே ஷட்டர் வேகம் கேட்டிருந்தால் இதழ்கள் மூடவே இல்லை, ஊசியைப் பாருங்கள். செய்தித்தாளில் நடு வரிக்குப் பதில் மேல் வரியோ கீழ் வரியோ கூர்மையாக இருந்தால் கேமராவின் ஃபோகஸ் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சமுள்ள முப்பது படமும் உங்களுடையது.